வேட்பாளர் உறுதிமொழியில் 'ஒருமைப்பாடு' இடம்பெற்றது எப்படி? திராவிட நாடு முதல் பிரெக்ஸிட் வரை

பெங்களூரு: இந்தியாவில் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடுபவர் வேட்புமனுவைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. தேர்தல் ஆணையம் அதிகாரம் அளித்துள்ள அலுவலர் முன்னிலையில் ஓர் உறுதிமொழியையும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்பதே அதன் சாரம். வேட்புமனு பரிசீலனைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு முன்பே இதை முடித்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. தவறினால் மனு நிராகரிக்கப்படும்.

இன்று வழக்கமான தேர்தல் நடைமுறையாகிவிட்ட இந்த உறுதிமொழி, 1963ஆம் ஆண்டுக்கு முன்பு வேட்பாளர்களுக்கு இருக்கவில்லை. வெற்றி பெற்றவர்கள் அவையில் ஏற்கும் உறுதிமொழி மட்டுமே இருந்தது. அதிலும் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகிய சொற்கள் இடம்பெறவில்லை. அவை சேர்க்கப்பட்டதற்கு முக்கியப் பின்னணியாக அமைந்தது தமிழ்நாட்டு அரசியல்.

ஓர் ஒன்றியத்திலிருந்து பிரிந்து செல்ல வேண்டும் என்று கூறி மக்களிடம் வாக்குப் பெற்றவருக்கு, அதே ஒன்றியத்தின் நாடாளுமன்றத்தில் என்ன இடம்? இந்தியா, இலங்கை, ஐரோப்பிய ஒன்றியம், கனடா ஆகியவை இந்தக் கேள்வியை வெவ்வேறு காலங்களில் எதிர்கொண்டன. ஒவ்வொன்றும் தேர்ந்தெடுத்த வழி அதன் பிந்தைய வரலாற்றையும் பாதித்தது.

தேர்தல் களத்துக்கு வந்த கோரிக்கை

1949ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி சென்னையில் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகத்தின் அடிப்படைக் கோரிக்கைகளில் ஒன்று, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் பகுதிகளை உள்ளடக்கிய தனித் திராவிட நாடு. தொடக்கத்தில் தேர்தலில் நேரடியாகப் போட்டியிடாத அக்கட்சி, 1957ஆம் ஆண்டு முதன்முறையாகக் களம் கண்டது. சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் இடம் பிடித்ததுடன், மக்களவைக்கும் ஈ.வெ.கி. சம்பத், இரா. தர்மலிங்கம் ஆகிய இருவரை அனுப்பியது.

தேர்தலில் பங்கேற்றதே கட்சிக்குள் ஒரு விவாதத்தைத் தூண்டியது. திராவிட நாடு நடைமுறையில் சாத்தியமா என்ற கேள்வியை எழுப்பியவர்களில் ஒருவரான சம்பத், 1961ஆம் ஆண்டு கட்சியை விட்டு விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் திமுகவின் வலிமை குறையவில்லை. 206 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 50 இடங்களையும், மக்களவையில் 7 இடங்களையும் கைப்பற்றியது. காஞ்சிபுரத்தில் தோல்வியடைந்த கட்சியின் பொதுச் செயலாளர் சி.என். அண்ணாதுரை, மாநிலங்களவை உறுப்பினராக டெல்லி சென்றார்.

மாநிலங்களவையில் ஒலித்த குரல்

1962ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, குடியரசுத் தலைவர் உரை மீதான விவாதத்தில் அண்ணா தமது கன்னிப் பேச்சை நிகழ்த்தினார். தாம் திராவிட மரபினர் என்றும், அதனால் மற்ற மக்கள் மீது தமக்குப் பகை இல்லை என்றும் கூறிய அவர், தென்னிந்தியாவுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையுடன் தமது கோரிக்கையை ஒப்பிடக் கூடாது என்பதும் அவரது வாதம். தென்னிந்தியா ஒரே நிலப்பரப்பாக அமைந்திருப்பதால், மக்கள் இடம்பெயர்ந்து அகதிகளாகும் நிலை ஏற்படாது என்று அவர் விளக்கினார்.

உறுப்பினர்கள் பலர் குறுக்கிட்டனர். கடும் மறுப்புகளும் எழுந்தன. எனினும் உரை முழுவதும் அவைக் குறிப்பில் பதிவானது. ஒன்றியத்தை விட்டு விலகும் கோரிக்கை அந்த ஒன்றியத்தின் அவையிலேயே முன்வைக்கப்பட்டு, அங்கேயே எதிர்க்கவும் பட்டது.

அரசியலமைப்பின் நிலைப்பாடு ஏற்கெனவே தெளிவாக இருந்தது. இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்று அதன் முதலாவது பிரிவு கூறுகிறது. கூட்டாட்சி என்னும் சொல்லைத் தவிர்த்து ஒன்றியம் என்னும் சொல் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை, 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். இந்தியக் கூட்டமைப்பு மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உருவானது அல்ல. எனவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்து செல்லும் உரிமை இல்லை என்பது அவர் அளித்த விளக்கம். பிரிந்து செல்ல உரிமை இல்லை என்றாலும், பிரிவினை கோரிப் பேசுவதற்கோ அந்தக் கோரிக்கையுடன் தேர்தலில் நிற்பதற்கோ அப்போது அரசியலமைப்பில் வெளிப்படையான தடை இருக்கவில்லை.

16ஆவது திருத்தம் செய்தது என்ன?

தேசிய ஒருமைப்பாட்டு மன்றம், சர் சி.பி. ராமசாமி ஐயர் தலைமையில் ஒருமைப்பாடு மற்றும் பிராந்தியவாதம் குறித்த குழுவை அமைத்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்க நாடாளுமன்றத்துக்குப் போதிய அதிகாரம் வேண்டும், வேட்பாளர்களும் பொதுப் பதவி வகிப்பவர்களும் அதற்கான உறுதிமொழி ஏற்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

இதற்கிடையே 1962ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி சீனப் படையெடுப்பு தொடங்கியது. நாட்டின் பாதுகாப்பே முதன்மையானது என்று அறிவித்த அண்ணா, பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்திவைத்து, போர் முயற்சிகளுக்கு ஆதரவு தெரிவித்தார். ஆயினும் மத்திய அரசு சட்டத் திருத்தத்தைக் கைவிடவில்லை. சட்ட அமைச்சர் அசோக் குமார் சென் 1963ஆம் ஆண்டு ஜனவரியில் மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தார். மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறிய அந்த மசோதா, அக்டோபர் 5ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

இத்திருத்தம் மூன்று மாற்றங்களைச் செய்தது. முதலாவதாக, பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கூறும் 19ஆவது பிரிவில், இறையாண்மை மற்றும் ஒருமைப்பாட்டின் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்று சேர்க்கப்பட்டது. இரண்டாவதாக, 84, 173 ஆகிய பிரிவுகளின் வழியே வேட்பாளர் உறுதிமொழி கட்டாயமாக்கப்பட்டது. மூன்றாவதாக, அமைச்சர்கள், உறுப்பினர்கள், நீதிபதிகள் உள்ளிட்டோர் பதவியேற்கும்போது கூறும் உறுதிமொழிகளிலும் அதே சொற்கள் இடம்பெற்றன.

மாநிலங்களவையில் அண்ணா இந்த மசோதாவை எதிர்த்தார். இறையாண்மையின் ஊற்று மக்களே என்றும், கூட்டாட்சி முறையில் அது மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது என்றும் அவர் வாதிட்டார்.

விலகுவதா, தொடர்வதா?

சட்டம் நிறைவேறியபோது திமுக முன் இரண்டு வழிகள் இருந்தன. உறுதிமொழியை ஏற்க மறுத்துத் தேர்தலைப் புறக்கணிக்கலாம்; அல்லது கோரிக்கையைக் கைவிட்டுத் தேர்தல் அரசியலில் தொடரலாம். 1963ஆம் ஆண்டிலேயே கட்சி தனது விதிகளைத் திருத்தி, இந்தியாவின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உட்பட்டு மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் பெறுவதை இலக்காக ஏற்றது. பிரிவினையைக் கைவிட்டாலும் அந்தக் கோரிக்கை எழுந்ததற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பது அண்ணாவின் நிலைப்பாடு.

இந்த முடிவை எளிதாக்கிய ஓர் அம்சம் உண்டு. புதிய விதி, இனிப் போட்டியிட இருப்பவர்களுக்கானது. ஏற்கெனவே அவையில் இருந்த திமுக உறுப்பினர்கள் எவரும் இத்திருத்தத்தால் பதவி இழக்கவில்லை. அடுத்த பொதுத் தேர்தலுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அவகாசம் இருந்தது. கட்சிக்குள் விவாதிக்கவும் தொண்டர்களுக்கு விளக்கவும் அது பயன்பட்டது.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் 234 இடங்களில் 137 இடங்களை வென்று திமுக ஆட்சி அமைத்தது. ஒருமைப்பாட்டு உறுதிமொழியை ஏற்று முதலமைச்சரான அண்ணா, அதே ஆண்டு ஜூலை 18ஆம் தேதி மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி அப்பெயர் நடைமுறைக்கு வந்தது.

கோட்டுக்கு அப்பால் வாழ்ந்தவர்கள்

திராவிட நாடு கோரிக்கை பலவீனமடைந்ததற்குச் சட்டம் மட்டும் காரணம் அல்ல. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகு, கன்னட, தெலுங்கு, மலையாள மக்களிடம் அக்கோரிக்கை வேரூன்றவில்லை. திட்டமிடப்பட்ட நாட்டின் நான்கு மொழியினரில் ஒரு மொழியினரிடம் மட்டுமே அதற்குக் குறிப்பிடத்தக்க தேர்தல் ஆதரவு கிடைத்தது.

இதன் பொருளை பெங்களூருவின் அல்சூரை ஒட்டிய மர்பி டவுன் போன்ற பகுதிகளில் வைத்துப் பார்க்கலாம். பழைய கண்டோன்மென்ட் எல்லைக்குள் அமைந்த இப்பகுதியில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பிரிட்டிஷ் நிர்வாகத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்த கண்டோன்மென்ட், 1947ஆம் ஆண்டு மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு பெங்களூரு நகரத்துடன் இணைக்கப்பட்டு, ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தது. வீட்டை விட்டு நகராமலேயே இங்குள்ள மக்கள் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்கு மாறினர்.

திராவிட நாட்டின் வரைபடத்தில் மைசூரும் இருந்ததால், பெங்களூரு தமிழர்களும் அதற்குள் அடங்கினர். ஆனால் நான்கு மொழி நாடு என்னும் கனவு தனித் தமிழ்நாடு என்று சுருங்கியிருந்தால், அவர்கள் எல்லைக்கு அப்பால் வெளிநாட்டில் வாழ்பவர்களாகியிருப்பர். அண்ணா மாநிலங்களவையில் இடப்பெயர்வு நேராது என்று கூறியது, தென்னகம் முழுவதும் ஒன்றாகப் பிரியும் என்ற அடிப்படையில்தான். அந்த அடிப்படை நிலைக்கவில்லை.

இந்திய ஒன்றியத்தில் ஒரு மாநிலத்தவர் மற்றொரு மாநிலத்தில் குடியேறவும், வாக்காளராகப் பதியவும், போட்டியிடவும் உரிமை பெற்றவர். அந்த உரிமை எல்லா நேரத்திலும் பாதுகாப்பை உறுதி செய்துவிடவில்லை என்பதும் உண்மை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவைத் தொடர்ந்து 1991ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூருவில் தமிழர்கள் மீது நடந்த தாக்குதல்கள் அதைக் காட்டின. ஆனால் அப்போதும் அவர்கள் குடிமக்களாக இருந்தனர்; அந்த மாநில அரசைப் பொறுப்பேற்கச் சொல்லும் வாக்குரிமையும் அவர்களிடம் இருந்தது.

இலங்கை: அவை வாசலில் மூடப்பட்ட கதவு

இதே கேள்வியை இலங்கை வேறு விதமாகக் கையாண்டது. 1976ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி வட்டுக்கோட்டையில் தனித் தமிழீழத் தீர்மானத்தை நிறைவேற்றிய தமிழர் விடுதலைக் கூட்டணி, அதை முன்வைத்தே 1977ஆம் ஆண்டுத் தேர்தலைச் சந்தித்தது. 18 இடங்களைப் பெற்றதால், அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பிரிவினை கோரும் கட்சியின் தலைவர் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவராகச் செயல்பட்ட அரிய நிலை அது.

1983ஆம் ஆண்டு ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. அந்த நெருப்பு தணிவதற்குள், ஆகஸ்ட் மாதத்திலேயே அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேற்றப்பட்டது. தனி நாட்டை ஆதரிப்பதும், அதற்கு நிதி அளிப்பதும், நாட்டுக்குள்ளோ வெளியிலோ அதற்காகப் பிரசாரம் செய்வதும் குற்றமாயின. சொத்துப் பறிமுதல், குடியியல் உரிமை இழப்பு போன்ற தண்டனைகளும் விதிக்கப்பட்டன. பதவியில் இருந்த உறுப்பினர்களும் புதிய உறுதிமொழியை ஏற்க வேண்டியிருந்தது.

பொதுத் தேர்தல் நடத்தாமல், 1982ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டதைக் கூட்டணி ஏற்கெனவே எதிர்த்து வந்தது. இப்போது உறுதிமொழியையும் ஏற்காத அதன் உறுப்பினர்கள் இடங்களை இழந்தனர். அடுத்த பொதுத் தேர்தல் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில், வட மாகாணத் தமிழர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் குரல் இல்லை. ஆயுதக் குழுக்கள் வளர்ந்ததும் அதே காலத்தில்தான்.

போருக்கு இந்தத் திருத்தம் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. ஆயுதப் போராட்டம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனால் தேர்தல் வழியை நம்பியவர்களின் செல்வாக்கை இத்திருத்தம் மேலும் குறைத்தது. 1989ஆம் ஆண்டு தேசியப் பட்டியல் மூலம் மீண்டும் நாடாளுமன்றம் சென்ற அமிர்தலிங்கம், அதே ஆண்டு ஜூலை 13ஆம் தேதி கொழும்பில் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆறாவது திருத்தம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கூட்டாட்சி கோருவதும் பிரிவினையாகுமா என்ற வழக்கில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சியை வலியுறுத்துவது தனி நாடு கோருவதாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி தீர்ப்பளித்தது. அந்த வேறுபாட்டை நீதிமன்றம் உறுதிப்படுத்துவதற்கு 34 ஆண்டுகள் ஆயின.

ஐரோப்பிய ஒன்றியம்: வாசல் காட்டிய ஒப்பந்தம்

ஐரோப்பிய ஒன்றியம் இறையாண்மை கொண்ட நாடுகள் ஒப்பந்தத்தால் அமைத்துக்கொண்டது. அம்பேத்கர் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று கூறிய அந்த ஒப்பந்தத் தன்மையே அதன் அடிப்படை. 2009ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவு, உறுப்பு நாடு விலகுவதற்கான நடைமுறையை வகுத்துள்ளது.

எனவே ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று கூறியவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தடையின்றி அமர முடிந்தது. பிரிட்டனின் நைஜல் ஃபராஜ் 1999ஆம் ஆண்டு முதல் அங்கு உறுப்பினராக இருந்துகொண்டே வெளியேற்றத்துக்காகப் பிரசாரம் செய்தார். 2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலை ஆதரித்தனர். விலகல் தாமதமானதால், 2019ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டன் மீண்டும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை நடத்த நேர்ந்தது. நாட்டின் 73 இடங்களில் 29 இடங்களை வென்றது, அந்த அவையே தங்களுக்கு வேண்டாம் என்று கூறிய பிரெக்ஸிட் கட்சி.

2020ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி விலகல் ஒப்பந்தத்துக்கு 621 உறுப்பினர்கள் ஆதரவாகவும் 49 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இரண்டு நாள்களில் பிரிட்டன் உறுப்பினர்கள் அனைவரும் பதவி இழந்தனர். விலகலை எதிர்த்து வெற்றி பெற்றவர்களும் அவர்களில் அடங்குவர். 73 இடங்களில் 27 இடங்கள் பிற நாடுகளுக்குப் பகிரப்பட்டன. அவையின் எண்ணிக்கை 751லிருந்து 705 ஆகக் குறைந்தது.

இங்கும் எல்லைக் கோட்டுக்கு அப்பால் வாழ்ந்தவர்களே அதிகம் இழந்தனர். பிரான்சில் நெடுங்காலமாக வசித்த பிரிட்டன் குடிமகள் ஒருவர், உள்ளாட்சி வாக்காளர் பட்டியலிலிருந்து தமது பெயர் நீக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பிரிட்டன் வெளியேறியதால் அதன் குடிமக்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையையும், அதனுடன் வந்த வாக்குரிமையையும் இழந்துவிட்டனர் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி தீர்ப்பளித்தது.

கனடா: கேள்வி தெளிவாக இருந்தால்

கனடாவில் கியூபெக் மாகாணத்தின் விடுதலையைக் கோரும் பிளாக் கியூபெக்வா கட்சி, 1993ஆம் ஆண்டுத் தேர்தலில் 54 இடங்களைப் பெற்று நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ எதிர்க்கட்சியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் பிரிவினைத் தரப்பு ஒரு சதவீதத்துக்கும் சற்று அதிகமான வித்தியாசத்தில் தோற்றது.

1998ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்தியது. மாகாணம் தன்னிச்சையாகப் பிரிந்து செல்ல முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்கு மக்கள் தெளிவான பெரும்பான்மையுடன் ஆதரவு அளித்தால், பேச்சுவார்த்தை நடத்தும் கடமை மற்ற தரப்புகளுக்கு உண்டு. அக்கட்சியினர் இன்றும் கனடா நாடாளுமன்றத்தில் அமர்ந்துள்ளனர்.

இந்தியாவில் இன்று சட்டம் என்ன?

16ஆவது திருத்தம் அளித்த அதிகாரத்தின் அடிப்படையில், 1967ஆம் ஆண்டு சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நாட்டின் ஒரு பகுதி பிரிந்து செல்வதை ஆதரிக்கும் செயல்கள் அதன் கீழ் வருகின்றன. 1989ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவு கோரும் ஒவ்வொரு கட்சியும் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றைக் காப்பதாகத் தனது விதிகளிலேயே குறிப்பிட வேண்டும். ஆக, பிரிவினைக் கோரிக்கையுடன் இந்தியாவில் ஒரு கட்சி பதிவு பெறவோ ஒருவர் வேட்பாளராகவோ சட்டப்படி வழியில்லை.

ஆனால் மாநில உரிமை பற்றிய விவாதத்துக்குத் தடை இல்லை. திமுக அரசு 1969ஆம் ஆண்டு பி.வி. ராஜமன்னார் தலைமையில் மத்திய - மாநில உறவுகளை ஆராயக் குழு அமைத்தது. 1974ஆம் ஆண்டு ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1983ஆம் ஆண்டு மத்திய அரசே சர்க்காரியா ஆணையத்தை அமைத்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஓய்வுபெற்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மாநில உரிமைகளை ஆராய உயர்நிலைக் குழுவைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

மொழி, நிதிப் பகிர்வு, கல்வி என்று 1962ஆம் ஆண்டு தென்னகத்தின் மனக்குறைகளாக இருந்தவற்றில் பல, இன்றும் அதே அவைகளில் விவாதிக்கப்படுகின்றன. இந்தியாவும் இலங்கையும் உறுதிமொழியில் ஏறத்தாழ ஒரே நிபந்தனையைத்தான் விதித்தன. இந்தியாவில் அதை ஏற்பதற்கு எதிர்த்தரப்புக்குக் கால அவகாசமும், ஏற்ற பின் தேர்தலில் வென்று ஆட்சி அமைக்கும் வாய்ப்பும் இருந்தன. இலங்கையில் தேர்தலே நடைபெறாத காலத்தில், வன்முறைக்கு ஆளான மக்களின் பிரதிநிதிகளிடம் அது கோரப்பட்டது. ஒரே வகையான உறுதிமொழி, ஒரு நாட்டில் எதிர்த்தரப்பை அவைக்குள் நிறுத்தியது. மற்றொரு நாட்டில் வெளியே அனுப்பியது.